சார் போட்ட மார்க்

என் கெமிஸ்ட்ரி மார்க்கை நான்தான் வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தி.நகரில் எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் வேறு மாதிரி சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் அப்படிச் சொல்லி வைத்தவர் என் அப்பா.

அப்பா பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாலிப வயதில் வந்தவர். கடைக்கு மேலேதான் வீடு. பள்ளிக்கும் பி.எஸ்சி.க்கும் நடுவில் அப்போதிருந்த பி.யு.சி.யை நான் எழுதியது எழுபதுகளின் தொடக்கத்தில். ரிசல்ட் பேப்பரில் வரும், பாஸானவர்களின் நம்பர் மட்டும். எனக்கு முந்தின நம்பர் இருந்தது, பிந்தின நம்பர் இருந்தது, நடுவில் நான் இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்து, "அச்சடிக்கிறவன் விட்டுருப்பான்" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார்.

அச்சடிக்கிறவன் விடவில்லை. கல்லூரிக்கு வந்த மார்க் பட்டியலில் மற்ற எல்லாப் பாடமும் நன்றாக இருந்தது, கெமிஸ்ட்ரியில் ஃபெயில். கெமிஸ்ட்ரிதான் என் பாடம். வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்த இடத்தில் அழுதேன் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும், ஆனால் எனக்கு வந்தது கோபம். அந்தப் பேப்பரைத் திருத்தியவர் யாரோ, அவரை முன்னால் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் கெமிஸ்ட்ரி லெக்சரர் அம்மா அதிகம் பேசாதவர். என் மார்க்கைப் பார்த்துவிட்டு, "மறுகூட்டலுக்கு மனு போடு. திரும்பத் திருத்த மாட்டாங்க, கூட்டல் சரியான்னு மட்டும் பார்ப்பாங்க. உள்ளே போட்ட மார்க்கை முன்பக்கத்துல ஏத்தாம விட்டிருந்தா அதுல தெரிஞ்சிடும்" என்றார். பி.எஸ்சி.யில் எனக்கு ஒரு இடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கப் பிரின்சிபாலிடம் சொல்வதாகவும் சொன்னார். மறுகூட்டலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் இடம் போய்விடும். எங்கள் வீட்டில் படித்து முடித்த பெண் ஒரு வருஷம் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கோவில்பட்டியில் என் அத்தை மகன் மீசை வளர்க்க ஆரம்பித்திருந்தான்.

அப்பாவிடம் போய் மனு விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"எழுத்துலயா கேக்கச் சொல்லுதாக?"

"ஆமாப்பா. அதுதான் வழியாம்."

"அவுக செஞ்சது தப்புன்னு அவுகளுக்கே எழுதிப் போடணுமா? நல்லா இருக்கு பிள்ளை."

அவர் தொழிலில் அது வழக்கமில்லை. மொத்த வியாபாரியிடமிருந்து வரும் துணிக்கட்டில் கறை பட்ட பீஸ் இருந்தால் அப்பா கடிதம் எழுத மாட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு நேரில் போவார். காபி குடிப்பார். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். எழுந்து செருப்பு மாட்டும்போது, "போன கட்டுல ஒரு பீஸ் கொஞ்சம் மழையில நனைஞ்சிருக்கும் போல" என்பார். அடுத்த கட்டு பழுதில்லாமல் வரும். எங்கள் வரிசையில் ஒரே ஒரு கடைக்காரர் ஒருமுறை புகாரை எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் கடனுக்குச் சரக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் அவர் ஜவுளியை விட்டுவிட்டு சோடா விற்றார். பல்கலைக்கழகத்தைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதுவும் பெரிய மனிதர்கள் நடத்தும் ஒரு கடைதானே என்பது அவர் எண்ணம்.

"ஒரு ஆளைப் பிடிக்கணும்" என்றார். "அதுவரைக்கும் நீ எதையும் எழுதித் தொலைச்சிராத."

மறுநாளே எழுதித் தொலைத்தேன். கட்டணத்துக்கு அம்மாவிடம் கேட்டேன். அம்மா எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள். கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. லெக்சரர் அம்மா சொன்னபடி மனுவை எழுதி, பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, ஜன்னலுக்குள் நீட்டினேன். உள்ளே இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இதற்குள் அப்பாவுக்கு ஆள் கிடைத்துவிட்டார். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் உடைகளைப் பார்த்துக்கொள்கிறவர், எங்கள் கடையில் கஜக் கணக்கில் சாட்டின் வாங்குபவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இன்னா அண்ணாச்சி, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறே? மைலாப்பூர்ல ஒரு சார் கீறாரு. பரீட்சை டிபார்ட்மெண்ட்லயே பெரிய ஆபீசரு. அவரு பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல் ஜோடிச்சதே நம்ம ஆளுங்கதான். ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன், நீ போய் நில்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றோம். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு. அப்பா ஒரு தட்டில் பழம், வெற்றிலை, மேலே ஒரு நல்ல ஜரிகை வேட்டி வைத்து எடுத்து வந்திருந்தார். நான் பட்டுப் பாவாடை தாவணியில் இருந்தேன். ஃபெயிலான பெண் என்று பார்த்தவுடன் தெரியாமலிருக்க இந்த ஏற்பாடு.

ஆபீசர் மெலிந்த மனிதர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார். அப்பா மழை பற்றிப் பேசினார், கபாலி கோயில் உற்சவம் பற்றிப் பேசினார், அவருடைய பேரன் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். ஆபீசரின் மனைவி எங்களுக்குத் தட்டையும் காபியும் வைத்தார். கிளம்பும்போது, செருப்பை நோக்கி ஒரு காலை வைத்துக்கொண்டு, அப்பா சொன்னார்.

"பிள்ளைக்குக் கெமிஸ்ட்ரியில கொஞ்சம் மழையில நனைஞ்ச மாதிரி ஆயிருச்சுங்க."

ஆபீசருக்கு அது புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும், "மறுகூட்டலுக்கு மனு போடச் சொல்லுங்கோ. போட்டா கூட்டிப் பார்ப்பா. என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார்.

"நீங்க இருக்கையில மனு எதுக்குங்க" என்று அப்பா என் பரீட்சை நம்பரைச் சொன்னார், இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி. ஆபீசர் தலையாட்டினார். அவர் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. அதை அவர் எடுத்தாரா என்பதை நான் பார்க்கவில்லை. வெட்கத்தில் என் தட்டில் பாதி கடித்து வைத்திருந்த தட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

சில வாரங்களில் தபால் வந்தது. மார்க் திருத்தப்பட்டது, தேர்ச்சி. முழுதாக ஒரு பெரிய கேள்வியின் மார்க்கை முன்பக்கத்தில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று லெக்சரர் அம்மா கணக்குப் போட்டுச் சொன்னார். பி.எஸ்சி. இடம் தப்பியது. அத்தை மகன் மீசையை எடுத்துவிட்டதாகக் கேள்வி.

ரசீதைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். "நான் மனு போட்டேன்பா. அதனாலதான் வந்துச்சு." திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"போட்டுட்டியா? சரி போகட்டும். அங்க மனுவா குவிஞ்சு கிடக்கும். இந்தப் பிள்ளை மனுவை எடுத்துப் பாருன்னு ஒருத்தர் சொல்லணும்லா? சார் சொல்லிருக்காக."

அன்று சாயங்காலமே எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சார் மார்க் போட்டுக் கொடுத்துவிட்டாராம். அப்பா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பெரிய இடத்தில் தனக்குப் பழக்கம் இருக்கிறது, மகளுக்காக அதைச் செய்தேன் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் என் மூளைக்கு இடமே இல்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் ரிசல்ட் வந்ததும் தெருவிலுள்ள ஃபெயில் எல்லாம் எங்கள் கடைக்கு வரும். அப்பா அவர்களையும் மைலாப்பூருக்குக் கூட்டிப் போவார். ஆபீசர் எல்லோரிடமும் மனு போடுங்கோ என்பார், இப்போது அப்பாவும் அதைச் சேர்த்துச் சொல்லப் பழகியிருந்தார். யாருக்காவது மார்க் கூடினால் சார் போட்டார். கூடாவிட்டால், "பிள்ளை ஒண்ணும் எழுதலை போல, சார் என்ன செய்வாக" என்பார். ஃபெயிலானால் பிள்ளையின் மார்க், பாஸானால் சாரின் மார்க். இது என்ன நியாயம் என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன். "ரசத்தை ஊத்து" என்றார். தீபாவளிக்குத் தீபாவளி மைலாப்பூருக்கு ஒரு வேட்டி போய்க்கொண்டிருந்தது.

நடுவில் என் மனதுக்குள்ளேயே ஒரு சனியன் புகுந்துவிட்டது. ஒருவேளை சொல்லியிருப்பாரோ? விட்ட மார்க்கை ஏற்றினார்களா, இல்லாத மார்க்கைப் போட்டார்களா? பேப்பரை என் கண்ணில் யாரும் காட்டவில்லை. பி.எஸ்சி.யில் நல்ல மார்க் வாங்கினேன், எம்.எஸ்சி. முடித்தேன், அடையாறில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் இது என்னுடையதுதான் என்று எனக்கே நிரூபித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பழைய மார்க் மட்டும் அடியில் கிடந்து உறுத்தியது. அதன்மேல்தானே மற்றதெல்லாம் ஏறி நின்றது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மேசைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றாள். அவள் வீட்டார் எங்கள் கடையில் துணி எடுப்பவர்கள். அவள் பிசிக்ஸில் ஃபெயில்.

"மிஸ், உங்கப்பாகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க மிஸ். உங்களுக்கு வாங்கித் தந்த மாதிரி எனக்கும் வாங்கித் தரச் சொல்லி."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மறுகூட்டல் மனுவை எப்படி எழுதுவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நேராக மைலாப்பூருக்குப் பஸ் பிடித்தேன்.

ஆபீசர் ஓய்வு பெற்றிருந்தார். கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் யாரென்று சொன்னதும், "வேஷ்டிக்காரர் பொண்ணா" என்றார்.

"சார், அன்னிக்கு எங்கப்பா உங்ககிட்ட என் நம்பரைச் சொன்னார். நீங்க அதை எழுதிக்கிட்டீங்களா?"

"எந்த நம்பர்?"

"என் பரீட்சை நம்பர் சார். நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா? உண்மையைச் சொல்லுங்க. எதுவானாலும் பரவாயில்லை."

"அதெல்லாம் எழுதிக்கவே இல்லையேம்மா. ஆத்துக்கு வந்து நம்பர் சொல்லிட்டுப் போனவா எத்தனையோ பேர். மனுன்னு வந்தா எல்லாத்தையும்தான் கூட்டிப் பார்ப்பா. ஒருத்தர் சொல்லிப் பார்க்கறதுன்னு கிடையாது. உன் மார்க் உள்ளேயே இருந்திருக்கு, வெளியே வந்தது. அவ்வளவுதான்."

"இதை எங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லாமலா? வருஷா வருஷம் சொல்றேன். நான் ஒண்ணும் பண்ணலை, வேஷ்டி வேண்டாம்னேன். அடுத்த வருஷம் ஜரிகை அகலமா வந்தது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. ஃபெயிலானபோது வராத அழுகை அங்கே அந்தக் கூடத்தில் வந்தது. அவர் மனைவி என்னவோ ஏதோ என்று பயந்து உள்ளே போய்க் காபி கலக்க ஆரம்பித்தார்.

கடைக்குப் போனபோது நல்ல கூட்டம். அப்பா ஒரு அம்மாளுக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. மைலாப்பூரில் கேட்டதை, அவர் நம்பரை எழுதிக்கொள்ளவே இல்லை என்பதை, எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அப்பா அளவுகோலை நிறுத்தினார். "அப்படியா சொன்னாக? செஞ்சதைச் சொல்லிக்காத மனுஷங்க. எவ்வளவு தன்மை பாரு."

"அப்பா." நான் விடவில்லை. "அது என் மார்க். நான் படிச்சு வாங்கினது. ஒரே ஒரு தடவை, உங்க வாயால, அதைச் சொல்லுங்களேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். இவ்வளவு நாள் இதற்காகவா என்று அவர் முகத்தில் உண்மையிலேயே ஆச்சரியம். கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து அந்த அம்மாளின் பக்கம் திருப்பினார்.

"இவ என் மக. காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்துதா. அந்த மார்க்கு இருக்கே, அது இவளே சொந்தமாப் படிச்சு வாங்குனது."

அந்த அம்மாள் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பா கத்தரியைக் கையில் எடுத்தார். துணியில் வைத்து வெட்டத் தொடங்கும் முன், அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வர வேண்டுமே என்று, இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்.

"அப்படின்னு சாரே சொல்லிட்டாக."