ரேடாரின் மேல் குங்குமம்

பொத்தானை அழுத்தினால் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று என் காது இன்னும் நம்ப மறுக்கிறது. சத்தமே இல்லை, திரையில் ‘ரெடி’ என்று ஒரு பச்சைச் சொல் மட்டும் எரியும். முதல் வாரம் சந்தேகத்தில் மறுபடி அழுத்தி, ஓடத் தயாராக நின்ற காரை நானே அணைத்திருக்கிறேன். ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன், இது ஹைபிரிட் சொகுசுக் கார். மெதுவாகப் போகையில் பட்டரியில் போகும். வேகமெடுத்தால் பெற்றோல் என்ஜின் தானாகச் சேர்ந்துகொள்ளும். நான் களைத்தால் திரையில் ஒரு கோப்பிக் கோப்பையைக் காட்டி ஓய்வெடுக்கச் சொல்லும். லண்டனுக்கு வந்த இத்தனை வருடங்களில் எனக்கு அப்படிச் சொன்னது இது ஒன்றுதான்.

பெரிய மனிதர்களை விமான நிலையத்துக்கு ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்று, இப்படிப்பட்ட கார் வைத்திருந்தால்தான் வேலை என்றது. முதல் மாதம் முழுக்கப் பரீட்சை; ஒரு முறைப்பாடு வந்தாலும் வேலை போய்விடும். முதல் ஓட்டத்துக்கு முதல்நாள், மனைவியின் பிடிவாதத்தால் காரை ஈஸ்ட் ஹாம் கோயிலுக்குக் கொண்டுபோனேன். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். ஐயர் முன்பக்கம் இருந்த கார்க் கம்பெனியின் சின்னத்தில் சந்தனத்தையும் குங்குமத்தையும் தாராளமாக அப்பினார்.

“தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்கோ.”

“ஐயா, ஸ்டார்ட்டிலதான் நிக்குது.”

அவர் நம்பாமல் ஒரு அடி தள்ளி நின்றார்.

மறுநாள் காலை ஒரு வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு ஹீத்ரோவுக்குப் புறப்பட்டேன். மோட்டர்வேயில் ஏறியதும் கார் மணியடித்தது: முன் ரேடார் மறைக்கப்பட்டிருக்கிறது, துடையுங்கள். முன்னால் போகும் வாகனத்துக்கு ஏற்ப வேகம் குறைப்பது, ஆபத்தில் தானாகப் பிரேக் பிடிப்பது எல்லாம் நின்றுபோயின. ரேடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால் இருப்பது ஐயருக்குத் தெரியாது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காக்கவென்று பூசியது காரின் கண்ணைக் கட்டிவிட்டது.

“வேறு கார் அனுப்பச் சொல்லட்டுமா?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டபடி போனை எடுத்தார். அந்த அழைப்பே முறைப்பாடு ஆகிவிடும். பெற்றோல் செட் ஒன்றில் நிறுத்தி இறங்கினேன். அவரும் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

“இதென்ன, ரத்தமா?”

இதே கேள்வி முன்பும் ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்பா ஹயர் கார் ஓடினார். பெற்றோலுக்குத் தடை இருந்த காலம். நாலு சொட்டு பெற்றோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அதுவும் ஒரு ஹைபிரிட்தான். பிறகு ராணுவம் வந்து, ஊர் ஆமியின் கைக்குப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் தோளில் தொங்கிய துவக்கின் முனையால் பொனட்டில் இருந்த குங்குமத்தைக் காட்டி, உடைந்த தமிழில் ரத்தமா என்று கேட்டான்.

“சாமி,” என்றார் அப்பா.

“துடை.”

“ஏலாது.”

மத்தியானம் வரைக்கும் வெயிலில் நிற்கவைத்தான். அப்பா துடைக்கவில்லை. பின்சீற்றில் இருந்த நான், துடைத்துத் தொலைத்தால் என்ன என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

“இல்லை சேர், பறவை எச்சம்,” என்றேன் வெள்ளைக்காரரிடம். “ஏதோ பழம் தின்றிருக்கும்.”

அவர் சிரித்து, ஈரத் தாள் ஒன்றை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கித் துடைத்தேன். துவக்குக்கு முன்னால் அப்பா சொல்லாத பொய்யை நான் ஒரு போனுக்கு முன்னால் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ரேடார் வேலை செய்தது, விமானத்துக்கு நேரம் இருந்தது, முறைப்பாடு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி காரைச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏனப்பா, பொட்டு எங்கை?”

“மழையில அழிஞ்சு போச்சு.”

தெரு காய்ந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள்.

“இந்தமுறை டிக்கிக்குள்ள வையும்,” என்றேன்.

டிக்கி மூடியின் உட்புறத்தில் வைத்தாள். அதனால் இப்போது எந்தப் பயணியையும் டிக்கிப் பக்கம் வர விடுவதில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைக் கையிலிருந்தே வாங்கி, நானே வைத்து, நானே மூடிவிடுகிறேன். மிகவும் மரியாதை தெரிந்த டிரைவர் என்று அவர்கள் நிறுவனத்துக்கு எழுதுகிறார்கள்.