நீவா ஸ்டக்கிக்கு ஏற்ற துப்பாக்கி

நீவா ஸ்டக்கி ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது பவுண்டு ஆம்பிளையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாற்றுவாள். பார்த்தவர்கள் அதை வெளியே சொன்னால் நம்ப ஆளில்லை. ஓக்லஹோமாவின் கிழக்கு மூலையில், தார் முடிந்து சரளை தொடங்கும் ஒரே சாலையில் அவளுக்கு ஏழு வீடுகள். ஏழிலும் படுக்கையில் விழுந்தவர்கள். இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலைக்கு அந்தச் சாலையில் தனியாகத்தான் போய் வருகிறாள்.

ஏழாவது வீடு டாயல் ஹாக்கின்ஸுடையது. பிரஷ் க்ரீக் ஊரில் ஆணி, வேலிக்கம்பி, மாட்டுத்தீவனத்தோடு துப்பாக்கியும் விற்கும் கடை அவனுக்கு. அவன் அப்பா ஓரன் முப்பது வருஷம் ஷெரிஃபுக்குக் கீழே காவல் வேலை பார்த்தவர். இப்போது எண்பத்தாறு வயது. மகனைப் பார்த்து 'தம்பி யாரு?' என்று கேட்கிற நிலைமை. நீவா வருவதை நிறுத்தினால், தொண்ணூறு மைல் தள்ளி ஏதாவது முதியோர் விடுதியில்தான் அவரைக் கொண்டுபோய் விட வேண்டும். அந்த நினைப்பு வந்தாலே டாயலுக்குச் சோறு தண்ணி இறங்காது.

அந்த நீவா நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கடைக்குள் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஷேன் மேஃபீல்ட் மறுபடியும் வழி மறித்தானாம். அவனுடைய தாத்தா அவளிடம் இருந்த நோயாளி, வசந்த காலத்தில் போய்ச் சேர்ந்தார். மிஞ்சிய வலி மாத்திரைகளை முறைப்படி ஷெரிஃப் அலுவலகத்தில் ஒப்படைத்தாள் என்று அவள்மேல் அவனுக்குள் ஒரு கறுவல். அவள் பை நிறைய மாத்திரை இருக்கிறது என்றும் நம்பிக்கை. இரண்டு தடவை வண்டியைச் சாலைக்குக் குறுக்கே போட்டான். இரண்டாம் தடவை, அடுத்த முறை பையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். போன் அடித்தால் ஷெரிஃபின் ஆள் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆகும்.

"திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒண்ணு வேணும், டாயல். தினமும் உடம்பு மேலேயே இருக்கணும், வெளிய தெரியக்கூடாது. சரிப்படலேன்னா அந்த ரோட்டை விட்டுடறேன். உங்க வீடும் அதே ரோட்லதான் இருக்கு."

டாயலுக்கு அப்பாவின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் தொழில் கர்வம் விடுமா? தையல்காரன் பார்வையாலேயே அளவெடுக்கிற மாதிரி, ஆளைப் பார்த்த மாத்திரத்தில் துப்பாக்கி சொல்லுவான் என்று தன்னைப் பற்றி அவனே சொல்லிக்கொள்வான். பெண் ஒருத்தி வந்தால் அவன் கை தானாகக் கண்ணாடிப் பெட்டியின் மூலைக்குப் போகும். இருப்பதிலேயே சின்னது, இருப்பதிலேயே லேசானது. அன்றும் அதைத்தான் எடுத்தான். திறந்து, காலி என்று காட்டி நீட்டினான். அவளும் அந்த ஊர் வழக்கப்படி, அவன் பார்த்ததை நம்பாமல் தானும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். இதில் யாருக்கும் கோபம் வராது. பார்க்காமல் வாங்கினால்தான் ஏளனம்.

பின்புறம் மண்மேட்டை நோக்கிச் சுட்டுப் பார்க்க இடம் உண்டு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது முதல் குண்டிலேயே தெரிந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பொடிசு வெடித்ததும் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு மேலே தாவியது. மூன்றாவது குண்டோடு நீவா நிறுத்திவிட்டாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை. இந்தக் கையால்தான் நாளைக்கு ஊசி போட வேண்டும் என்றாள். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். இதே ரகத்தை வாங்கிப்போன பெண்களில், சுட்டுப் பழக மறுபடி வந்தவர்கள் எத்தனை பேர்?

டாயல் யோசித்தான். இருபத்தேழு வருஷத்தில் ஒருத்தி முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. எல்லோரும் ஒருமுறை சுட்டுவிட்டு, பயந்து, அலமாரியில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். லேசாக இருந்தால் சாதுவாக இருக்கும் என்று அவர்களை நம்பவைத்தவன் அவன்தான். கனம் இருந்தால் அந்தக் கனமே உதைப்பைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாததா? தெரியும். பெண்ணுக்குக் கனமா என்று ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

முழு எஃகில் செய்த, ஐந்து குண்டு ரிவால்வர் ஒன்றை அவளே காட்டி எடுக்கச் சொன்னாள். அது அவள் கை அளவுக்குப் பொருந்தியது. பத்துக் குண்டு சுட்டாள், பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள். துப்பாக்கி முடிவாகிவிட்டது, இனி அதை எங்கே வைப்பது? டாயல் இடுப்பு உறையை எடுத்து, காலித் துப்பாக்கியைச் செருகி, அவள் மேல்சட்டையை இழுத்துவிட்டுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. தள்ளி நின்று தலையை ஆட்டிக்கொண்டான்.

"தரையில படு," என்றாள் நீவா.

"என்னது?"

"படுன்னா படு. என் வேலையை இதோட செய்ய முடியுதான்னு பாக்கணும்ல?"

காபி குடிக்க வந்து உட்கார்ந்திருந்த கிழவர் லாய்ட், "படுப்பா, இருபத்தேழு வருஷமா நின்னுக்கிட்டே வித்தது போதும்," என்றார்.

டாயல் தீவன மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்தான். நீவா அவன் முழங்கால்களை மடக்கி, தோளைத் திருப்பி, உட்காரவைத்து, தன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஒன்று, இரண்டு, மூன்று. அத்தனை பெரிய ஆள் பூ மாதிரி எழுந்து நின்றான். எப்படி எழுந்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஆனால் அவன் வலது கை எங்கே இருந்தது என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்தது. சட்டைக்கு மேலாகத் துப்பாக்கியின் பிடியை அது இறுக்கிப் பிடித்திருந்தது. வேண்டுமென்று பிடிக்கவில்லை. விழுந்துவிடுவோமோ என்று பயந்த கை, அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டது.

"தினமும் ஏழு பேர் இப்படித்தான் என்னைப் பிடிக்கறாங்க," என்றாள் நீவா. "அதுல உங்கப்பா ஒருத்தர்."

டாயல் வெடுக்கென்று கையை எடுத்தான். அப்பாவுக்குப் பெயர்கள் மறந்துபோயின, சாப்பிட்டது மறந்துபோனது. முப்பது வருஷம் துப்பாக்கிப் பிடியோடு குடித்தனம் நடத்திய அந்தக் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. அந்தக் கைக்கு எட்டும்படி அவனே ஒன்றைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தானே! லாய்ட்கூடக் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

பைக்குள் வைக்கலாம் என்றால், பையைச் சமையலறை நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் நோயாளியிடம் போவாள், வீட்டுப் பிள்ளைகள் அதைக் குடைவார்கள். ஷேன் பறிக்க நினைப்பதும் அதே பையைத்தான். சட்டைப்பையில் கையுறையும் தெர்மாமீட்டரும், குனிந்தால் எல்லாம் கொட்டும். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, தூசி படிந்து தொங்கிய கணுக்கால் உறையை நீவா கை காட்டினாள். டாயலுக்குச் சிரிப்பு வந்தது. கணுக்காலில் கட்டுகிறவன் அதை எடுக்கக் குனிந்தபடியே சாகப்போகிறவன் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசியவன் அவன். ஆபத்து வரும்போது எவன் குனிந்துகொண்டிருப்பான்?

"நான் குனிஞ்சுக்கிட்டுதான் இருப்பேன்," என்றாள் அவள். "பாதி நாள் முட்டி போட்டுதான் போகுது. கால் கழுவறேன், நகம் வெட்டறேன், புண்ணுக்குக் கட்டு போடறேன். என் கை எப்பவும் கீழதான் இருக்கு."

சாயங்காலம் வரை காலித் துப்பாக்கியைக் காலில் கட்டிக்கொண்டு கடைக்குள் நடந்தாள், மண்டியிட்டாள், எழுந்தாள். நூறு தடவை இருக்கும். கடைசியில் கை காற்சட்டைக் காலுக்குள் போனதும் வந்ததும் டாயலின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவன் தொழில் செய்த காலமெல்லாம் துப்பாக்கியை ஆளுக்குப் பொருத்தியிருக்கிறான். ஆளின் பிழைப்புக்குப் பொருத்த வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இத்தனை சின்ன உருவத்துக்குள் இவ்வளவு அறிவா என்று வாய்விட்டே சொன்னான். சொன்னதற்கு வெட்கப்படவும் இல்லை.

புதன்கிழமை மதியம் பீன்ஸும் சோளரொட்டியும் எடுத்துக்கொண்டு டாயல் வீட்டுக்கு வந்தபோது, நீவா அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். அவருடைய இடது கால் வெந்நீர்த் தொட்டியில் இருந்தது.

ஷேன் இன்று காலை வந்தான் என்று தலை நிமிராமல் சொன்னாள். வண்டி குறுக்கே நின்றது. அவன் நடந்து வர, அவளும் காரைவிட்டு இறங்கிச் சரளையில் ஒரு முட்டியை ஊன்றினாள். கை காற்சட்டைக்குள் போனது. அந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆறடி தள்ளி அப்படியே நின்றுவிட்டான். அவள் பிடியை முழுசாகப் பிடித்துவிட்டாள். அப்போதுதான் கண்ணுக்கு நேரே அவன் பாதங்களைப் பார்த்தாளாம். நவம்பர் குளிரில் ரப்பர் செருப்பு. ஒரு கால் வீங்கி மற்றதைப்போல இரண்டு மடங்கு. விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேட்டேன். பதில் வரல, அழுதுட்டான். ரெண்டு கையையும் தலைமேல வச்சுக்கிட்டு பக்கத்துல வாடான்னேன்."

"வந்தானா?"

"வந்தான். துப்பாக்கியில இருந்து வலது கையை நான் எடுக்கல, டாயல். இடது கையால அந்தக் காலை அமுக்கிப் பாத்தேன். குழி விழுந்து அப்படியே நின்னுது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, இல்லேன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள காலை எடுத்துடுவாங்கன்னு சொன்னேன். வண்டியை நகத்திட்டுப் போயிட்டான். போனது ஆஸ்பத்திரிக்கான்னு தெரியாது."

டாயல் சோளரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தான். ஒரு கையில் சாவும் மறு கையில் வைத்தியமுமாக ஒரு மனுஷி முட்டி போட்டிருக்க முடியும் என்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 

"அவன் கையை இறக்கியிருந்தா?"

"சுட்டிருப்பேன்," என்றாள் நீவா. கிழவரின் இடது காலைத் துவட்டித் துண்டின் மேல் வைத்துவிட்டு, வலது காலைத் தூக்கி வெந்நீரில் மெதுவாக இறக்கினாள்.