இரண்டாம் முறை மெதுவாக

என் காதைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் ஒரே ஒரு சொல்தான் உண்டு: மந்தம். "பாப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க" என்று புதிதாக வருகிற யாரிடமும் அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். கொஞ்சம் என்பது பொய். வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தாலும் எனக்குக் கேட்காது. மார்பில் துணிப்பைக்குள் தொங்கிய காது மிஷினும் அதிலிருந்து காதுக்கு ஓடிய வயரும் உலகம் முழுவதையும் ஒரே இரைச்சலாக்கித் தந்தன, அவ்வளவுதான். ஆனாலும் மந்தத்துக்கு அடுத்த சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. தெருவில் ஒரு பையன் அப்படிக் கூப்பிட்டான் என்று அப்பா அவர்கள் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

இன்னொரு விதியும் இருந்தது. கையை ஆட்டிப் பேசக் கூடாது. தாகமெடுத்து நான் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் அப்பா அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்குவார். "வாயில கேளு சாமி. தண்ணி." நான் சொல்லி முடிக்கும்வரை தண்ணீர் வராது. இதைச் சொன்னால் அவர் கொடுமைக்காரர் என்று தோன்றும். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கே தொண்டை வறண்டதுபோல அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து எனக்கு உதடு படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மாமாவும் பாப்பாவும் உதட்டில் ஒன்றுதான். முன்னால் பின்னால் வருகிற சொல்லைப் பார்த்துத்தான் எது என்று பிடிக்க வேண்டும். பத்து வயதில் அதில் நான் கெட்டிக்காரி. எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பேன் என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா பிரசவத்துக்காக மடத்துக்குளத்துக்குப் போயிருந்தாள். என்னையும் அனுப்பினால் மாலையில் நடக்கும் பேச்சு வகுப்பு விட்டுப்போகும் என்று அப்பா அனுப்பவில்லை. அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். காலையில் டிவிஎஸ் வண்டியின் முன்னால் என்னை நிற்கவைத்துக் கம்பெனிக்குக் கூட்டிப்போவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கிருந்தே வகுப்புக்குக் கிளம்புவோம்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் மிஷினை அணைத்துவிடுவேன். அறுபது தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடும் இடத்தில் காது கேட்பவர்களுக்கே ஒன்றும் கேட்காது. டெய்லர்கள் தலையை ஆட்டியும் கையைக் காட்டியும்தான் நூல் கேட்டார்கள், டீ கேட்டார்கள். அவர்களுடைய கையை யாரும் பிடித்துக் கீழே இறக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

அதைவிடப் பெரியது செக்கிங் மேசையில் காத்திருந்தது. அங்கே ஓர் அக்கா இருந்தாள். தெற்கே ஏதோ ஊரிலிருந்து வந்தவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. பேக்கிங்கில் அவளைப் போலவே இரண்டு அண்ணன்கள். முதல் நாள் டீ நேரத்தில் அவள் அவர்களிடம் கையால் எதையோ சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீர், சோறு என்று கேட்கிற கையல்ல அது. ஒரு பஸ் வந்தது, அதில் கூட்டம் ஏறியது, கண்டக்டரின் தொப்பை முன்னால் வந்தது, ஒரு கிழவியின் கோழி தப்பித்து அந்தத் தொப்பைமேல் ஏறியது. எல்லாம் பத்து விரலில். அண்ணன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்த அதே நொடியில் நானும் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்தபின் "என்னம்மா?" என்று கேட்டு, "அப்புறம் சொல்றேன்" என்ற பதிலோடு நிற்பதுதான் என் பழக்கம்.

சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. வீட்டில் உச்சரிக்கக் கூடாத அந்தச் சொல் இவர்களைத்தானே குறிக்கும்? அவர்கள் சொன்னதற்கு எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது?

ஆனாலும் மூன்று வாரத்தில் மேசைக்கடியில் கைகளை வைத்துக்கொண்டு அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டேன். அப்பா பார்க்கும்போது பனியனில் பிசிறு வெட்டுவேன். அக்கா எனக்குப் பெயர் வைத்தாள்: காதிலிருந்து மார்புவரை ஒரு விரலால் கோடு. வயர். அப்பாவுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது, மீசையை முறுக்குவது. அப்பாவுக்கு மட்டும் இது எதுவும் தெரியாது.

அக்காவின் வேலை ஊசி மெசினில். தைக்கும்போது ஒடிந்த ஊசிமுனை துணிக்குள் சிக்கியிருந்தால் அந்த மெசினில் சிவப்பு விளக்கு எரியும். குழந்தைகள் உடுப்பு என்பதால் ஒவ்வொன்றையும் அதில் விட்டு எடுத்த பிறகே பெட்டி கட்ட வேண்டும். விளக்கைவிட்டு அவள் கண் நகராது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் தையல் மெஷின்களுக்கு மட்டும்தான். நான்கு பெட்டித் துணி மீதமிருந்தது, வெளியே லாரி நின்றது, மணி ஐந்தாகப் போகிறது. அப்பா நான்கு பெட்டியையும் கட்டச் சொன்னார். அக்கா ஓடிவந்து அவர் முன்னால் நின்றாள். மெசினைக் காட்டினாள், பெட்டியைக் காட்டினாள், இரண்டு கையையும் விரித்து வழி மறித்தாள். அப்பா சிரித்துக்கொண்டே அவள் கையை விலக்கி, போகட்டும் என்று காற்றில் ஒரு வீசு வீசினார். என்னை வண்டியில் ஏற்றினார். வகுப்புக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டோம்.

சனிக்கிழமை காலையில் விஷயம் வந்தது. துணி வாங்குகிற கம்பெனிக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஒரு கைக்குழந்தைச் சட்டையின் கழுத்தில் ஊசிமுனை இருந்திருக்கிறது. முதலாளி அப்பாவைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் அறைக்குள் இருப்பவர்களின் முகம் நன்றாகத் தெரியும். அக்கா என் முழங்கையை இடித்தாள். நான் உதடு படிப்பேன் என்று அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். கையை விரித்துத் திருப்பினாள். என்ன சொல்கிறார்கள்?

படித்தேன். முதலாளி கத்தினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பேசினார்.

"நாஞ் சொல்லிட்டுத்தானுங்க போனேன், மெசின்ல உட்டு எடுத்துட்டுத்தான் கட்டோணும்னு. அந்தப் புள்ளைக்குப் புரியலீங்க. செவுட்டுப் புள்ளைகளை வேலைக்கு வெச்சா இப்படித்தானுங்க ஆகுது."

முதல் எழுத்தில் பல் தெரிந்தது. அடுத்ததில் கீழுதடு மேல்பல்லைத் தொட்டது. தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைக்க இடமே இல்லை. தெருப் பையன்கள் வாயில் எத்தனையோ தடவை பார்த்த சொல். அப்பாவின் வாயில் அது அவ்வளவு சுலபமாக, பழகிய சொல்போல வந்துவிட்டுப் போனது. அந்த உதட்டைப் பார்த்துத்தானே நான் எல்லாச் சொல்லையும் கற்றுக்கொண்டேன்?

அக்கா மறுபடி இடித்தாள். என்ன?

நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லக்கா" என்றேன் வாயால். அவளுக்கு உதடு படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளி துணியைக் காட்டினார், ஊசிமுனையைக் காட்டினார். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. பதில் சொன்னாள். விளக்கு அணைந்தது. நான்கு பெட்டி. மெசின் இல்லை. மீசை வந்தார். கட்டு என்றார். நான் மறித்தேன். மணி ஐந்து. வயரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். சாட்சியில் என் பெயரும் இருந்தது. உள்ளே இருந்த இருவருக்கும் ஒரு விரல்கூடப் புரியவில்லை.

முதலாளி வெளியே பார்த்தார். என்னைப் பார்த்து விரலை மடக்கினார்.

போனேன். "நீ இவகூடத்தான கண்ணு உக்காந்திருப்ப? இவ என்ன சொல்றான்னு சொல்லு" என்றார், எனக்காக வாயை நன்றாக அகலத் திறந்து.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தன் பேச்சைச் சொல்ல ஒரு வாய் வந்துவிட்டது என்ற நிம்மதி.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். தலையையும் ஆட்டினேன்.

அக்கா பொய் என்று நினைக்கவில்லை. நான் பழகியது மூன்று வாரம்தானே, வேகமாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். என் முன்னால் குனிந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல, இரண்டாம் முறை மெதுவாகச் சொன்னாள். விளக்கு. அணைந்தது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, புரிந்ததா என்று என் கண்ணைப் பார்த்தாள். நான்கு. பெட்டி. மீசை.

அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குக் கை பாஷை தெரியாதுங்க! நான் செவுடு இல்லீங்க!"

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது. முதலாளி பின்னால் சாய்ந்தார். அப்பா அறை வாங்கியவர் மாதிரி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார், அதற்கப்பால் எங்கள் மேசை இருந்த இடத்தை. அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார். பிறகு கையால் மூடிக்கொண்டார்.

அக்கா கையை இறக்கினாள். மத்தியானத்துக்கு முன்பே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கும் ஐந்து மணிக்கு வகுப்புக்குக் கிளம்பினோம். வண்டியில் முன்னால் நிற்கிற எனக்கு அப்பாவின் முகம் எப்போதுமே தெரியாது. அன்று அது இருவருக்குமே சௌகரியமாக இருந்தது. வகுப்பில் டீச்சர், என் குரல் இன்றைக்கு ரொம்பத் தெளிவாக வருகிறது என்று அப்பாவைப் பாராட்டினார்.

இப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. கையால் பேசுகிறவர்களோடுதான் வேலை, நட்பு எல்லாம். அவர்கள் நடுவில் நான் வாயால் பேசத் தெரிந்தவள், முழுசாக அவர்களில் ஒருத்தி இல்லை. வெளியே வந்தால் செவிடு. கையால் பேச யாரிடம் முதலில் கற்றாய் என்று அவர்கள் கேட்டால் காலேஜில் என்று சொல்லிவிடுகிறேன். "அத்தனை பாடுபட்டுப் பேச வெச்சது அவிங்களோட போய்ச் சேர்றதுக்கா கண்ணு?" என்று அப்பா இன்றும் கேட்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் படித்ததை அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அந்த அக்கா எந்த ஊருக்குப் போனாள் என்று பேக்கிங் அண்ணன்களுக்கும் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தப்புச் செய்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் வெளியே நிற்க வைப்பார்கள். அடுத்த பீரியடுக்கு உள்ளே வந்துவிடலாம். வேலையைவிட்டு நிறுத்துவதும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவிடம் சொல்ல வேண்டியதைக் கையால் சொல்லிப் பழகினேன். எனக்குப் புரிந்தது. முதல் தடவையே புரிந்தது. எனக்குப் பயம். இதுவரை நன்றாக வந்தது. பொய் சொன்னேன் என்பதற்கு மட்டும் கை தெரியவில்லை. பரவாயில்லை, திங்கட்கிழமை வந்ததும் அதை அக்காவிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.