சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை

என் தங்கை வீட்டுக்காரனைத் தெருவில் எல்லோரும் 'பெட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். போகிற இடமெல்லாம் ஒரு கணினிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? விசேஷ வீடுகளில் வீடியோ எடுப்பதும், அதை வெட்டி ஒட்டித் தருவதும் அவன் தொழில். என் வெல்டிங் பட்டறைக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மின்சாரமும் ஒரே லைனில் வருகிறது. நான் இங்கே வெல்டிங் ராடை வைத்தால் அங்கே அவன் திரை கண்ணடிக்கும். அதனால் நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

ஹெச்டி கேமராக்கள் வந்த புதிதில் அவனும் ஒன்று வாங்கினான். பழைய கணினி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. படம் நாலு அடி நடக்கும், நிற்கும், மறுபடி நொண்டும். பிராசஸரை மாற்றினால் போதும் என்றான் கடைக்காரன். மாப்பிள்ளை அதோடு விடவில்லை. ராமைக் கூட்டினான். கேமரா வயரைச் செருக ஒரு கார்டு போட்டான். கணினி ஓட ஒரு டிஸ்க், வீடியோ வந்து விழ இன்னொரு டிஸ்க் என்று பிரித்து வைத்தான். இரண்டு வேலையையும் ஒரே டிஸ்கில் கொடுத்தால், ஒற்றைக் கதவில் உள்ளே வருகிற கூட்டமும் வெளியே போகிற கூட்டமும் முட்டிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் என்பான். இத்தனையையும் அடைத்ததில் பெட்டி அடுப்பாகக் கொதித்தது. கம்பி வலையில் ஒரு கூடு செய்து நான்தான் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் எந்நேரமும் ஒரு மேசை விசிறி சுற்றும். "எனக்குப் பிரசவ வலி வந்தப்போகூட இவ்வளவு விசிறல" என்பாள் தங்கை.

ஒரு நாள் காலையில் மீன் சந்தை ஏலக்காரர் தன் மனைவியோடு வந்தார். அவர் குரலைக் கேட்காமல் எங்கள் ஊரில் பொழுது விடிந்ததில்லை. அன்றைக்கு அந்தக் குரல் உமி மூட்டையைத் தேய்க்கிற மாதிரி இருந்தது. தொண்டையில் கட்டி. மறுநாள் ஆபரேஷன். குரல்பெட்டியையே எடுத்துவிடுவார்கள், அப்புறம் பேச முடியாது. மகள் கடல் தாண்டி இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள். பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் குரல் வேண்டும். அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவை பேசலாம், அவ்வளவுதான்.

கைபேசியில் படம் பிடிக்கிற காலம் அப்போது இன்னும் வரவில்லை. மாப்பிள்ளையின் கேமராவில் டேப் ஓடுகிற பாகம் பழுதாகி, மாற்றுப் பாகத்துக்குக் காத்திருந்தான். ஆனால் லென்ஸும் மைக்கும் நன்றாக இருந்தன. வயர் வழியாக நேரே கணினிக்குள் பிடித்துவிடலாம் என்றான். அதற்கென்றே புது டிஸ்க் ஒன்றை மாட்டினான்.

விசிறிச் சத்தம் பதிவாகக்கூடாது என்று கணினியை உள்ளறையில் வைத்து, வயரைக் கதவுக்கடியில் விட்டான். கூடத்தில் ஏலக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கேமராவோடு, காதில் ஹெட்போன் மாட்டிய மாப்பிள்ளை. உள்ளே டிஸ்க் விளக்கைப் பார்த்துக்கொள்வது தங்கையின் வேலை. சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் வீடியோ எழுதப்படுகிறது என்று அர்த்தம். நான் பட்டறையைச் சாத்திவிட்டு, யாரும் மிக்ஸியோ மோட்டாரோ போட்டுவிடாமல் கூடத்து மெயின் சுவிட்ச் பக்கத்தில் காவல் நின்றேன்.

பெரியவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். தன் அப்பாவைப் பற்றி, முதல் நாள் ஏலத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதைப் பற்றி, மகள் பிறந்த அன்று மழை கொட்டியதைப் பற்றி. இடையிடையே தண்ணீர் குடித்தார். பிறகு மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கையில் தூக்கினார். பேரப்பிள்ளைக்கு ஏலம் விட்டுக் காட்டப் போகிறாராம். எங்கிருந்து வந்ததோ, பழைய குரல் அப்படியே வந்தது.

"தாத்தா கட்டின கடிகாரம். கேக்குறது என் பேரப்பிள்ளை ஒருத்தர்தான். ஒரு தரம்... ரெண்டு தரம்..."

தங்கை கதவிடுக்கில் தலையை நீட்டி என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். போனேன். விளக்கு அணைந்து கிடந்தது. திரையில் பெரியவர் கடிகாரத்தோடு அசைந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் பதிவு நேரம் காட்டுகிற எண்கள் உறைந்து நின்றன.

"அண்ணே, படம் வருது, ஆனா எழுதல" என்றாள் மூச்சுக்குள். "எப்ப நின்னுச்சுன்னு தெரியல. நான் படத்தையே பாத்துட்டு இருந்துட்டேன்."

கூடத்தில் பெரியவர் கேமராவைப் பார்த்து மகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் காற்றில் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தோளைத் தொட்டு உள்ளே கைகாட்டினேன். வந்து பார்த்தவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. உடனே கூடத்துக்குப் போய்க் கையை உயர்த்தினான்.

"ஐயா, நிறுத்துங்க. பதிவாகல. தப்பு என்னோடது."

தப்பு கைப்பழக்கத்தில் வந்தது. எந்த டிஸ்க் வாங்கினாலும் பழைய முறையில்தான் ஃபார்மட் செய்வான். அப்போதுதான் வாடிக்கையாளர்களின் பழைய கணினியிலும் திறக்கும். அந்த முறையில் ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டி வளராது. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிடித்த வரையில் அது இடித்ததில்லை. ஹெச்டியில் விடாமல் பிடித்ததும் இருபது நிமிடத்திலேயே ஃபைல் தலையில் தட்டி நின்றுவிட்டது.

இப்போது பதற்றத்தில் அவன் செய்யப்போன காரியம்தான் என்னை இன்றைக்கும் நடுங்க வைக்கிறது. புது முறைக்கு மாற்றிவிடலாம் என்று அதே டிஸ்கை ஃபார்மட் செய்ய ஆரம்பித்தான். டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், உறுதிதானா என்று திரை கேட்டது. விரல் மௌஸ் மேல் இருந்தது.

"கைய எடுங்க" என்றாள் தங்கை. "பிடிச்சது அதுலதானே இருக்கு."

சூடு பட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

பிடித்தவரை ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் இருந்தது. 'ரெண்டு தரம்' வரைக்கும். அதற்குமேல் இல்லை. புதிதாக இன்னொரு ஃபைல் திறந்தான். விளக்கு மறுபடி சிமிட்டியது. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து, கடிகாரத்தைத் தூக்கி, வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. திரும்ப முயன்றார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர சத்தம் இல்லை. மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அதுவரை மூலையில் இருந்த அவர் மனைவி எழுந்து, ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா என்னைப் பேச விட்டதில்ல. இன்னைக்கு நான் பேசுறேன், நீங்க கேளுங்க. தப்பா சொன்னா கையைக் காட்டுங்க."

கேமராவைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். விட்ட இடத்தை மாப்பிள்ளை சொன்னான். அந்த அம்மாள் கணவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பிடுங்கி மேலே தூக்கி, "மூணு தரம்" என்று கூவினார். சந்தையில் கூவிப் பழகாத குரல், பாதியில் உடைந்தது. பெரியவர் தொடையில் ஓங்கித் தட்டி ஏலத்தை முடித்துவைத்தார். பிறகு அவர் மகளுக்குச் சொன்னதையெல்லாம் அந்த அம்மாள் வரிசையாகச் சொன்னார். ஒரு இடத்தில் பெரியவர் வேகமாகக் கையை ஆட்டினார். "சரி சரி, அழுதது நான் இல்ல, இவருதான்" என்று திருத்திக்கொண்டார். தங்கை இந்தத் தடவை விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெட்டி ஒட்டும்போது இரண்டு துண்டும் சேருகிற இடத்தை ஒரு பூப்படம் போட்டு மறைக்கலாம் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை கேட்கவில்லை. தாத்தா 'ரெண்டு தரம்' என்கிறார், அடுத்த நொடி பாட்டி 'மூணு தரம்' என்கிறார். அப்படியே விட்டுவிட்டான்.

ஆபரேஷன் முடிந்து பெரியவர் இப்போது சந்தையில் கையசைவிலேயே ஏலத்தை நடத்துகிறார். மாப்பிள்ளை அந்த டிஸ்கை வேறு எதற்கும் தொடுவதில்லை. புது டிஸ்க் வாங்கி வந்தால் பிரிக்காமல் என் தங்கை கையில் கொடுத்துவிடுகிறான். அவள் ஃபார்மட் செய்து முடிக்கிற வரைக்கும் வாசலில் நின்று என் பட்டறையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பான்.