தொட்டித் தண்ணீரில் ஒரு தங்கக் கடிகாரம்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. போர்வெல் தோண்டும் அப்பாவின் மூன்றாவது ரிக் லாரிக்குப் பூஜை போட்ட நாளில் எடுத்த படம். உறவினர் யார் வந்தாலும் அப்பா அதைப் போட்டுக் காட்டுவார். தேங்காய் உடைப்பார்கள், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறும், மாலை போட்ட லாரி வாசலைத் தாண்டும். அந்த இடத்தில் அப்பா எழுந்துபோய் டெக்கை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகும் படம் இருக்கிறது. அதில் வருவது என் கை.

அப்போது நான் சேலத்தில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். திருச்செங்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அதிகம் பேசமாட்டேன், பேசுவதைப் பிழையில்லாமல் பேசுவேன் என்ற கர்வம் மட்டும் உள்ளுக்குள் இருந்தது. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மேலே வரும் பாறைத்தூளை விரலில் தேய்த்துப் பார்த்தே தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டதா என்று சொல்வார். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்.

கடிகாரம் வாங்கப் போனபோதும் அதற்காகத்தான் என்னை அழைத்துப்போனார். சேலம் அம்மாபேட்டையில், கப்பலின் இஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் கைக்கடிகாரத்தை விற்கிறார் என்று லாரி உதிரிபாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பட்டை முதற்கொண்டு முழுத் தங்கம். கடலில் முக்குளிப்பவர்களுக்காகச் செய்தது. தண்ணீருக்குள் ஓடும் தங்க வாட்ச் என்று கேட்டதிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. தண்ணீரைத் தேடித் தேடியே முன்னுக்கு வந்தவர் அவர்.

விற்றவர் மெலிந்துபோயிருந்தார், கடிகாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுக்கிப் போய்வந்தது. விற்பதற்கான காரணத்தை அவரே சொன்னார். அவர்கள் குடியிருந்த வீடு அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. தம்பி தன் பங்கை விற்பதாகச் சொல்லிவிட்டார். இவர் அதை வாங்காவிட்டால் வீடு முழுவதும் வெளியாருக்குப் போய்விடும்.

"ஆவணிக்குள்ள குடுத்தாகணுமுங்க. இருபத்தாறு வருசம் என் கையில இருந்தது. ஊடு இல்லாம இது மட்டும் இருந்து என்ன பண்ணறது?"

நான் கடிகாரத்தோடு வந்த ஆங்கிலத் தாள்களைப் படித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கப்பல்காரர் என் பக்கம் திரும்பி, கடிகாரத்தின் ஓரத்தில் இருந்த சாவித் திருகைச் சுழற்றினார். அது கழன்று, மெல்ல வெளியே எழுந்து நின்றது.

"இதை மட்டும் நல்லாப் பாத்துக்குங்க அம்மிணி. நேரம் மாத்தணும்னா இப்படிக் கழட்டோணும். மாத்தினப்புறம் உள்ள அமுத்திக்கிட்டே திருகோணும். சும்மா அமுத்தினாப் பத்தாது. இது மூடாம இருந்தாத் தண்ணி உள்ள போயிரும்."

என்னையும் செய்துபார்க்கச் சொன்னார். மூன்று சுற்று, அதற்கு மேல் கொஞ்சம். அதன் பிறகு நகரவில்லை.

"எம் புள்ளை ஒருக்காப் பாத்தா மறக்காதுங்க," என்று சொல்லி, பணத்தை முடிந்துவைத்திருந்த மஞ்சள் பையை அவரிடம் கொடுத்தார் அப்பா.

பூஜை வெள்ளிக்கிழமை. ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். லாரிப் பூஜையை அதற்குள் முடித்துவிட்டார்கள். கடிகாரத்தையும் படத்தில் பிடிக்க வேண்டும், அதுவும் தண்ணீருக்குள் பிடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்ததால், வீடியோக்காரர் ஒயரையும் விளக்கையும் சுருட்டிக்கொண்டு பம்புசெட் தொட்டிக்கு வந்துசேர்ந்தார். அதற்குள் மணி பத்து ஐம்பது ஆகிவிட்டது.

கடிகாரத்தை நான் பிடிப்பது என்று அப்பா முன்பே முடிவுசெய்திருந்தார். "எங் கை கிரீஸ் ஏறிக் கருகிக் கெடக்குது. தங்கத்துக்கு நல்லாருக்காது. நீ காட்டு சாமி."

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வீடியோக்காரரிடம் கேட்டார்: "ஏனுங்க, படத்துல மணி தெரியுமுங்களா?"

"முள்ளு வரைக்கும் தெரியுமுங்க."

அப்பாவின் முகம் மாறியது. ராகு காலம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. "நாளைக்குப் பாக்கறவன், ராகு காலத்துலயா புது வாட்ச்சைத் தண்ணில எறக்குனேன்னு கேப்பான். முள்ளைப் பத்து மணிக்குத் தள்ளி வெச்சிரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே காட்டவில்லை. ராகு காலத்தில் செய்தாலும் படத்தில் தெரியாமல் இருந்தால் போதும் என்கிறாரே என்று நினைத்தேன். அந்த வீடியோக்காரர் பட்டணத்து ஆள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்றும் நினைத்தேன். அதற்கேற்ற ஒரு முகத்தை வைத்துக்கொள்வதிலேயே என் கவனம் இருந்தது. திருகைக் கழற்றினேன். முள்ளைப் பத்துக்குக் கொண்டுவந்தேன். திருகை உள்ளே அமுக்கினேன்.

"சிஸ்டர், வெயில் மறையுது. கையை நீட்டுங்க."

நீட்டினேன். குழாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு நேர் கீழே இரண்டு முறை பிடித்தேன். ரிக் டிரைவர் ஒருவர், "மொதலாளி, குளிப்பாட்டறதுக்குச் சோப்பு வேணுமுங்களா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அப்பா அதிகமாகச் சிரித்தார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது, அப்பா கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படர்ந்தது. பிறகு முள் நின்றுவிட்டது. அப்பா மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிக் கடிகாரத்தை மறைத்துக்கொண்டார். விருந்தாளிகளுக்கு அந்தக் கையால்தான் வெற்றிலை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வீடியோக்காரர் படத்தைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொருவரும் தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தொட்டி வந்தது. என் விரல்களுக்கு நடுவே கடிகாரம் பெரிதாகத் தெரிந்தது. திருகுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. நான் அதைத் திருகவில்லை, வெறுமனே அமுக்கியிருக்கிறேன். அந்த அறையில் அது தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

கடிகாரம் பக்கத்து அறை மேஜையில், ஒரு துண்டின் மேல் இருந்தது. நான் எழுந்துபோய் அதை எடுத்து, திருகை மூடினேன். மூன்று சுற்று, அதற்கு மேல் கொஞ்சம். பதற்றத்தில் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்துத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி அம்மாபேட்டைக்குப் போனார். "கடலுக்குள்ள போன வாட்ச்சுன்னு சொன்னீங்க. எங்கூட்டுத் தொட்டியிலயே செத்துப் போச்சே," என்று கடிகாரத்தைக் கப்பல்காரர் முன்னால் வைத்தார்.

அவர் முதலில் திருகைத்தான் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. கண்ணாடிக்குள் இருந்த ஈரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி திருகைத் தொட்டார். பிறகு என்னைக் கேட்டார்:

"அம்மிணி, படம் புடிச்சீங்கன்னு அப்பா சொல்றாரு. படத்துல இது மூடி இருந்துச்சுங்களா? நீங்க பாத்துச் சொன்னாச் சரி."

"மூடி இருந்ததுங்க," என்றேன்.

அவர் கடிகாரத்தைக் கீழே வைத்தார். "அப்பக் குத்தம் வாட்ச்சுலதானுங்க. உள்ள ரப்பர் போயிருக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்குங்க." மன்னிப்பை அப்பாவிடம் கேட்டவர், பிறகு என்னிடமும் ஒருமுறை கேட்டார். பணத்தைத் தம்பிக்கு இன்னும் கொடுக்கவில்லை, நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர் மனைவி பெட்டியிலிருந்து அதே மஞ்சள் பையை எடுத்துவந்தார். பை எங்கள் வீட்டுப் பை. முடிச்சு அப்பா போட்டது.

ஆவணி முடிந்தது. உதிரிபாகக் கடையிலிருந்து வந்த அப்பா, அம்மாவிடம் செய்தி சொன்னார்: "அந்த ஏமாத்துக்காரன் ஊட்டைக் காலி பண்ணிட்டானாம். வேற யாரோ கிரயம் பண்ணிட்டாங்களாம்." அம்மா, "பாவம்," என்றார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இலையில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் சும்மாதான் இருந்தேன். தீபாவளிக்கு மாமா வந்தார். படம் ஓடியது. தொட்டி வந்ததும், "மச்சான், அந்த வாட்ச் எங்க?" என்று மாமா கேட்டார். அப்பா கதையைச் சொன்னார். அதற்குள் அது கதையாகவே ஆகியிருந்தது. கப்பல்காரர் முழிப்பது போல முழித்துக் காட்டினார், மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் அப்படி முழிக்கவே இல்லை.

மாமா ஊருக்குப் போன மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படத்தைப் போட்டேன். தொட்டி வந்ததும் நிறுத்தினேன். நிறுத்திய படம் கோடு கோடாக நடுங்கியது. டிவிக் கண்ணாடியில் விரல் வைத்துத் திருகைக் காட்டினேன். அப்பாவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது.

"அன்னைக்கு அவரு உன்னையக் கேட்டாரே?"

"பொய் சொன்னேனுங்கப்பா."

அப்பா எழுந்துபோய்ச் சட்டை போட்டுக்கொண்டார்.

கப்பல்காரரும் மனைவியும் பழைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் இருந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்று, கையெடுத்துக் கும்பிட்டார். கோயிலைத் தவிர வேறெங்கும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "எம் புள்ளை தப்புங்க. வாட்ச்சு மேல தப்பில்லீங்க. பணம் கொண்டாந்திருக்கறேன்."

கடிகாரம் கப்பல்காரர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கியிருந்தார். "பணம் வேண்டாமுங்க. ஊடு போயிருச்சு. இனி இதை வித்து எதை வாங்கறது?" என்றார்.

பிறகு கடிகாரத்தைக் கழற்றி, திருகைத் திறந்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"மூடுங்க அம்மிணி."

மூடினேன். மூன்று சுற்று, அதற்கு மேல் கொஞ்சம். அவர் நகத்தால் தொட்டுப் பார்த்தார். "மறக்கலீங்களே," என்று மட்டும் சொன்னார். உள்ளே நின்ற அவர் மனைவி எங்களை உட்காரச் சொல்லவில்லை.

பஸ் சங்ககிரி தாண்டியதும் அப்பா, "அந்தப் பகுதிய அழிச்சுரச் சொல்லலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதனால் அது கேசட்டில் அப்படியே இருக்கிறது.

நான் இப்போது முதுகலை முடிக்கப்போகிறேன். போன வாரம் பெரியப்பா வீட்டார் வந்தார்கள். படம் ஓடியது, லாரி வாசலைத் தாண்டியது, அப்பா எழுந்துபோய் நிறுத்தினார்.

"அவ்வளவுதானா? தண்ணியில ஏதோ எடுத்தீங்கன்னு சொன்னாங்களே?" என்றார் பெரியப்பா.

"அவ்வளவுதானுங்கண்ணா," என்றார் அப்பா, என் பக்கம் பார்க்காமல்.