தண்ணி பிடிக்க இறங்கியவர்

ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்ததால் அவருக்குத் ‘தண்ணிக்காரர்’ என்று பெயர் வந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு மிடறு சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளியே நிற்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அவருடைய மனைவிக்குப் பிடித்த வேலை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் திரைச்சீலைகள் தைத்தவள் அவள்.

மோட்டார்கள் ஓடும் அந்த உயரமான அறையில், நீல வர்ணம் பூசிய குழாய்களுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தபடியே அவர் முடி நரைத்தது. எங்கே யார் கூப்பிட்டாலும், “மோட்டாரை யாரு பாக்குறது?” என்பார். நெருங்கிய உறவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் மனைவியும் மகளும்தான் போய் வந்தார்கள். பொறுப்பான மனுஷன் என்று ஊர் மெச்சியது. அவருக்குப் பயணம் என்றாலே பயம் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கே கூட அரைகுறையாகத்தான் தெரியும்.

ஓய்வு பெற்று, சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அந்தச் சாக்கு செல்லாக் காசாகிவிட்டது. மனைவி ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்தாள். பிறகு, கடற்கரை ஊரில் வேலை பார்க்கும் மகளிடம் சொல்லிப் பகல் ரயிலில் டிக்கெட் எடுக்கச் செய்தாள். அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கிய அன்றே அவருக்கு உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவரிடம் போனார். மருத்துவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, இதயம் தன்னுடையதைவிட நன்றாக ஓடுகிறது என்றார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நோய் என்றால் பெயராவது இருக்கும்.

“மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்லுவாங்க. உங்க மடியில அப்படி என்னதான் இருக்கு?” என்று மனைவி கேட்டாள். கேலியாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். “தெரியல. கிளம்பினா நான் கரைஞ்சு போயிருவேன்னு தோணுது.”

கிளம்பும் நாள் காலையில் அடுப்பை அணைத்தாயிற்றா என்று மூன்று தடவை பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுத்தார். மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள்.

ரயில் பனிக்குள் போனது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தலை மட்டும் தெரிய மிதந்தன. வீடுகள் வருவதும் கரைவதுமாக இருந்தன. அவருக்கு மூச்சு மேலேயே நின்றது. ஒரு பெரிய சந்திப்பில் வண்டி நின்றபோது, பாட்டிலை எடுத்துக்கொண்டு, “தண்ணி பிடிச்சுட்டு வரேன்” என்று இறங்கினார்.

நடைமேடைக் குழாயைத் திறந்தார். குளிர்ந்த நீர் விரல்களில் ஓடியது. பாட்டில் நிரம்பி வழிந்தது. அவர் மூடவில்லை. வண்டி ஊதியது. கால்கள் நகரவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் நுழைந்தன. ஒரு ஜன்னலில் மனைவியின் முகம் வந்தது. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சற்று நேரத்தில் கைபேசி அடித்தது.

“வீட்டுக்குப் போகணும்னா எதிர்த்த நடைமேடையில வண்டி வரும், போங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்,” என்றாள். “ஆனா நான் திரும்பல. கடலைப் பாக்கப் போறேன்.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகும் வண்டி வந்து நின்றது. அதிலும் ஏறத் தோன்றவில்லை. அதுவும் போன பிறகு நிலையம் பஞ்சுக்குள் வைத்த பொம்மை போல ஆனது. பக்கத்தில் ஒரு பெண், தோளில் தூங்கும் பெண் குழந்தையும் காலடியில் இரண்டு மூட்டைகளுமாக வந்து உட்கார்ந்தாள். டிக்கெட் வாங்க வேண்டும், கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை அவர் தோளில் சாய்த்துவிட்டுப் போனாள்.

குழந்தை தூக்கத்திலேயே அவர் சட்டையைப் பற்றிக்கொண்டது. அதன் மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டது. மகளை அந்த வயதில் இப்படித் தூக்கியது நினைவிருக்கிறதா என்று தேடினார். பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டுமாக அந்த வருடங்கள் எங்கேயோ போயிருந்தன.

அந்தப் பெண் திரும்பி வரவும் கடற்கரைப் பக்கம் போகும் பாசஞ்சர் வரவும் சரியாக இருந்தது. அவள் மூட்டைகளோடு முதலில் ஏறினாள். குழந்தையைக் கொடுக்க அவரும் ஏறினார். சட்டையைப் பற்றிய அந்தப் பிடி விடவில்லை. பிரித்தால் விழித்துக்கொள்ளும் என்று சற்று உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது.

பயம் வரத்தான் செய்தது. ஆனால் எழுந்து நடந்தால் குழந்தை எழும். அதனால் அசையாமல் இருந்தார். வெளியே பனி விலகி, நீர் நின்ற வயல்களில் வானம் தலைகீழாகக் கிடந்தது. ஒரு கொக்கு அந்த வானத்தின் நடுவே ஒற்றைக்காலில் நின்றது. ரயில் மேகங்களின் மேல் போவதாகவே தோன்றியது. எப்போது கண் சொக்கியதோ, அவருக்குத் தெரியவில்லை.

விழித்தபோது குழந்தை தாயின் மடியில் இருந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கப் போவதாகச் சொன்ன அந்தப் பெண், அவர் நன்றாகக் குறட்டை விட்டதாகவும் சொன்னாள். அவர்கள் இறங்கிப் போனார்கள். தோளில் எச்சில் ஈரம் மட்டும் மிஞ்சியது. இப்போது அவரும் இறங்கலாம், தடுக்க ஆளில்லை. கதவுவரை போனார். வெயிலில் ஒரு நாய் படுத்திருந்த நடைமேடையைப் பார்த்தார். வண்டி ஊதியதும், உள்ளங்கை வேர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்னாளில் மகள் கேட்டபோது, அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவரால் விளக்க முடியவில்லை.

மாலையில் கடற்கரை ஊர் வந்தது. மனைவி நடைமேடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பாதமெல்லாம் மணல். அவர் வருவதாக யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்று பார்த்திருக்கிறாள்.

“பயம் போயிருச்சா?”

“இல்ல.”

“பரவால்ல, வாங்க. அதையும் கூட்டிட்டே வாங்க. மக சாப்பாடு எடுத்து வெச்சுட்டுக் காத்துட்டிருக்கா.”

மறுநாள் விடிந்ததும், சும்மா ஒரு நடை என்று மகள் வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பினார். ஒரே மாதிரி வெள்ளைச் சுவர்களும் பச்சைக் கதவுகளுமாகத் தெருக்கள் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொண்டே போயின. நான்கைந்து திருப்பத்துக்குப் பிறகு வழி தெரியவில்லை என்பது புரிந்தது. எதிரே பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரிடம் கேட்டிருக்கலாம். தண்ணிக்காரர் தலையசைத்து வணக்கம் சொல்லிவிட்டு, உப்புக் காற்று வந்த பக்கமாக இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்.