கூரையில் இருந்த விமானத் தகடு

பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிய இடத்தில், முன்பிருந்த வெள்ளைக்காரத் துரையின் பழைய குட்டி விமானத்தில் கழன்ற தகடொன்றை அப்பா அடித்திருந்தார். விமானத்தை வாங்கிய கொழும்புக்காரர் போன மாதம் அந்தத் தகட்டைத் தேடி வந்தார்.

“மகளுக்கு நெஞ்சுச் சளிங்க. மழைக்காலம் முடியட்டுமே,” என்றேன்.

“இது பறக்கச் செஞ்சது டீச்சர், கூரைக்கில்ல. இதோட எல்லா ஓனரும் யாருன்னு எனக்குத் தெரியும். இப்ப நான்தான்.”

மகள் என்னைப் பார்த்தாள். “அப்ப நம்ம வீட்டுக்கு ஓனர் யாரும்மா?”

நான்கு தலைமுறையாக இருக்கிறோம். எங்கள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. “பேசாம படு,” என்று அதட்டினேன்.

அவரோடு வந்த ஆட்கள் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மாலையே மழை பிடித்தது. கட்டிலை எங்கே இழுத்தாலும் நனைந்தது.

இருமல் இன்னும் விடவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் அவள் மறுபடி கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.